முந்நூறு குதிரை, ஒரு மாப்பிள்ளை

ஆரத்தி எடுக்கும்போது இருந்தவர்கள்: என் அப்பா, அம்மா, தட்டோடு நின்ற செண்பகம் சித்தி, கடையத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி, அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தம், நாதசுரக்காரர், தவில்காரர், காரை ஓட்டிவந்த தங்கையா அண்ணாச்சி, பிறகு நான். இல்லாதவர் ஒரே ஒருவர். அவர்தான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பு நடத்திய குடும்பம் தென்காசி வட்டாரத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முழுக் காரணம் நான். எனக்குக் காரணம் ஒரு பால்பவுடர் டப்பா.

என்னோடு தென்காசியில் படித்த சாகுலின் அண்ணன் துபாயில் வேலை பார்த்தார். லீவில் வரும்போது கொண்டுவந்த டப்பா நசுங்காமல் இருக்க, ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் தாளைச் சுற்றியிருந்தார். டப்பா சாகுல் வீட்டுக்கு, தாள் எனக்கு. அந்தத் தாளில் ஒரு கார் இருந்தது. சிவப்பு. மூக்கில் தொடங்கி, கூரை ஏறி, வால்வரை இரண்டு கறுப்புப் பட்டை. கதவு இரண்டுதான். முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை. ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதுவதற்கு முன்னால் குனிந்து நிற்பார்களே, அப்படி நின்றது. எங்களுக்குத் தெரிந்த கார் என்றால் அம்பாசடர். அது தாசில்தார் மாதிரி இருக்கும். கார் ஒன்று கோபமாக இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பெயர் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. ‘மசில் கார்’ என்ற தலைப்பும், அடியில் ‘முந்நூறு குதிரை சக்தி’ என்பதும் மட்டும் மிச்சம். அகராதியில் மசில் என்றால் தசை என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டோ உரமூட்டையோ, இங்கிலீஷில் எது எழுதியிருந்தாலும் நான் சொன்னதுதான் அர்த்தம். அப்பா இலஞ்சித் தோப்புகளிலிருந்து தென்காசிச் சந்தைக்கு மாட்டுவண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகிறவர். அவரிடம் தாளைக் காட்டினேன்.

“இதுக்குப் பேரு தசைக் காருப்பா.”

“சதையா? காருக்கு எதுக்குலே சதை?”

“இங்கிலீஷ்ல மசில் கார்.”

“மசால் காரா?”

“மசில்.”

“அதத்தான நானும் சொல்லுதேன். மசால்.”

“முந்நூறு குதிரை பூட்டுன மாதிரி இழுக்குமாம்.”

அப்பா தன் இரண்டு மாடுகளையும் திரும்பிப் பார்த்தார். “முந்நூறுக்கும் புல்லு யாருலே போடுவா?” என்றார். (பெட்ரோல் கணக்கைப் பற்றி இந்தக் கதையில் யாரும் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. நான் சிரித்தேன்.)

கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. இரண்டாம் வருஷம், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு எஸ்டேட் முதலாளியின் பங்களாவுக்குப் பின்னால், தார்ப்பாய் மூடி ஒன்று நிற்பதைக் கண்டுபிடித்தேன். பச்சை நிறம். ஆனால் அதே குனிந்த தோரணை, அதே இரண்டு கதவு. மெட்ராஸில் வெளிநாட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்ததாம். ஸ்டியரிங் இடது பக்கம். முதலாளி சீசனுக்குக்கூட ஒழுங்காக வருவதில்லை. டிரைவர் தங்கையா அண்ணாச்சி, ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். இலஞ்சியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவேன். குற்றாலத்துக்குப் போய்விட்டுக் குளிக்காமல் திரும்பிய ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வருஷம் ஆனியில் கோமதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கடையத்தில் ஆரம்பப்பள்ளி வாத்தியார். சம்பந்தி கேட்டது ஒன்றே ஒன்று.

“நகை நட்டு உங்க இஷ்டம். ஆனா பையனக் கார்லதான் அழைக்கணும். மூத்தவனுக்குப் பொண்ணு எடுத்த எடத்துல ஜீப்புல வச்சு அழைச்சாவ. பயறு மூட்டைய ஏத்துன மாதிரி வந்து எறங்குனான். மருமவள இன்னைக்கும் அதச் சொல்லித்தான் எம் பொஞ்சாதி வையுதா.”

ஆக, அக்கா கடையத்தில் எப்படி வாழப்போகிறாள் என்பது ஒரு காரில் இருந்தது. அப்பா அன்றைக்கே ஒரு அம்பாசடருக்கு அட்வான்ஸ் கொடுத்தார். மறுநாளே அது வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். தங்கையா அண்ணாச்சி அந்தப் பச்சைக் காருக்காக முதலாளிக்கு டிரங்கால் போட்டுக் கேட்க, கல்யாணம் என்றால் கொண்டு போ என்று அவரும் சொல்லிவிட்டார்.

“வழியில நின்னுகின்னு போயிராதே?” என்று அப்பா கேட்டார்.

“அம்பாசடர் நிக்கும்ப்பா. இது முந்நூறு குதிரை.”

இங்கிலீஷில் அச்சடித்த விஷயம். அப்பா நம்பிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். இலஞ்சி முருகன் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, எங்கள் வீட்டுப் பந்தல்வரை ஊர்வலம். காரை அலங்கரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். காதல் பொல்லாதது. செவ்வந்தியில் கதவளவுக்கு ஒரு பூத்தட்டி கட்டச் செய்து, காரின் முகத்தில் கம்பி கம்பியாக இருந்த இடத்தை முழுக்க மூடினேன். இரண்டு பக்கமும் தென்னங்குருத்து. “இன்னும் மொட்டையாத்தான் தெரியுது தம்பி, வாழை எலையும் கட்டுங்க” என்றார் தங்கையா அண்ணாச்சி. கட்டினேன். அந்தக் கம்பிகளுக்குப் பின்னால்தான் அது மூச்சு விடுகிறது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தாளில் அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை சந்தனக் கலர் கோட்டும் பேன்ட்டுமாக வந்து முன்சீட்டில் ஏறினார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் வலது பக்கம் உட்கார்ந்தார். தங்கையா அண்ணாச்சி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. புறப்படும்போது அப்பா அவருக்குச் சந்தனம் பூசி, தோளில் ஒரு பட்டுத் துண்டையும் போட்டார். இரவல் வண்டி கொண்டுவந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை. அப்பாமேல் தப்பில்லை.

நாதசுரம் முன்னால் நடந்தது. அதற்குப் பின்னால் கார் நடந்தது. சம்பந்தி வீட்டு வேன் கடைசியில். ஓடுவதற்கென்றே பிறந்த ஒன்றை, வாயையும் மூக்கையும் பூவால் கட்டி, தவிலுக்குப் பின்னால் நடக்கச் சொன்னோம். அதுவும் தவில்காரர் கடைக்குக் கடை நின்று வாசிக்கிறவர். தெருவெல்லாம் சாரல், ஆளுக்கொரு குடை, ஊரே குளிர்ந்து கிடக்கிறது. கார் மட்டும் கொதித்தது. பாதி வழியில் பூத்தட்டிக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

நான் இறங்கினேன். (படித்தவன் இறங்காமல் யார் இறங்குவது?) காரின் முன்மூடியைத் தூக்கி, ஈரத்துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மாப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்து, “என்னாச்சு மச்சான்?” என்று கேட்டு முடிக்கவில்லை. துருவேறிய செந்தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி, நல்ல வேளையாக ஆறிப்போய், தூறலாக அவர்மேல் இறங்கியது. சந்தனக் கலர் கோட்டு முழுக்கச் சாம்பார் தெளித்த மாதிரி ஆனது.

அப்பா கோட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். “மசாலுன்னு நாந்தான் சொன்னேன்லா” என்றார் மெதுவாக.

மாப்பிள்ளை வேறு மாதிரி மனுஷர். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். “பள்ளிக்கூடத்துக்கு வார ஆபீசர் ஜீப்பத் தள்ளித் தள்ளிப் பழக்கந்தான். ஒரு கை பிடிங்க” என்று பனியனோடு பின்பக்கம் போய்விட்டார். நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்தார்கள். நாதசுரக்காரர் என்னிடம் வந்து, வாசிக்கலாமா, வேண்டாமா என்று மரியாதையாகக் கேட்டார். தள்ளுவதற்குத் தோதாக வாசியுங்கள் என்றேன். வாசித்தார். பின்னால் வேனில் இருந்த சம்பந்திக்குக் கார் மெல்லப் போவது தெரிந்ததே ஒழிய, இருட்டிலும் சாரலிலும், நடுவில் நடந்த குடைக் கூட்டத்திலும் அதைத் தள்ளுவது தன் மகன் என்பது தெரியவில்லை.

வீட்டு வாசலில் செண்பகம் சித்தி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்குக் கண்பார்வை மட்டு. விசேஷத்துக்குக் கண்ணாடி போடமாட்டாள், போட்டோவில் வயசு தெரியுமாம். அவள் பார்த்த கல்யாணத்தில் எல்லாம் மாப்பிள்ளை முன்சீட்டில் இடது பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். இடது பக்கம் போனாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளை உடுப்பு, நெற்றியில் சந்தனம், தோளில் பட்டு.

“எறங்குங்க மாப்பிள்ளை” என்றாள்.

தங்கையா அண்ணாச்சி இறங்கினார். பெண்கள் குலவை போட்டார்கள். தட்டு சுற்றியது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். அப்பாவும் நானும் காருக்குப் பின்னாலிருந்து கோட்டும் சட்டையுமாக ஓடிவருவதற்குள் சித்தி அவர் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். அவர் மடியிலிருந்து ஒரு இரண்டு ரூபாய்த் தாளை எடுத்து, முறைப்படி தட்டில் போட்டார்.

வேனிலிருந்து சம்பந்தி இறங்கிவந்தார். “எம் மவன் எங்கடே?” என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

“டிரைவருக்கு ஆரத்தி எடுத்திருக்கிய. பொண்ணையும் அவருக்கே குடுத்திருங்க. ஜீப்புன்னாலும் அதுல மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தான். ஏ, வேனத் திருப்புங்கடே.”

வேன் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் சத்தம் கேட்டது. வாசலில் நிறைகுடத்தோடு நின்ற அம்மா குடத்தைப் படியில் இறக்கிவைத்தாள். அப்பா சம்பந்தியைக் கும்பிட்டபடி நின்றார். அவர் அதற்கு முன்னால் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்த கோட்டு கல்லாகக் கனத்தது. உள்ளே மணைப்பலகையில் இருக்கும் அக்காவிடம் போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். கார் வாசலுக்கு வந்ததும் சமையல்காரத் தவசுப்பிள்ளை பின்பக்கமாக வந்து, “தள்ளுன ஆளெல்லாம் புறவாசலுக்கு வாங்கலே, காப்பி ஆறுது” என்று கூப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை மத்தியானத்திலிருந்து சாப்பிடாதவர். மற்றவர்களோடு அவரும் போய் அடுப்படிக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா இருந்த அறையின் சன்னல் புறவாசலைப் பார்த்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்த முகம், பனியனும் கரியுமாக, கையில் வடையோடு இருந்தது. அடையாளம் தெரிந்து அவள் திகைக்கும்போதே தவசுப்பிள்ளை அதட்டியிருக்கிறார்.

“ஏலே, ஒனக்கு ரெண்டு தந்தாச்சு. மிச்சம் மாப்பிள்ளை வீட்டுக்கு வேணும்.”

“நானும் மாப்பிள்ளை வீடுதான்.”

“எல்லாவனும் அப்படித்தான் சொல்லுதான். எந்திரி, எந்திரி.”

சிரிப்புச் சத்தம் கேட்டு மாப்பிள்ளை சன்னலைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கத்துக் கூச்சலும் அவர் காதில் விழுந்தது. எழுந்து, கையைக் கழுவி, அடுப்படி வழியாகவே வீட்டுக்குள் நுழைந்து, முன்வாசல் படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் உள்ளே, அவர் அப்பா வெளியே.

“யப்பா, நான் உள்ள வந்து காப்பி குடிச்சு, ரெண்டு வடையும் தின்னாச்சு. இனி கோவிச்சிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

சம்பந்தி மகனை மேலும் கீழும் பார்த்தார். வேன் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“சட்டையப் போடுலே மொதல்ல” என்றார்.

வேன் அணைந்தது. மாப்பிள்ளை சட்டையையும் அந்தக் கோட்டையுமே போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கி, திரும்ப ஒரு முறை வந்தார். சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் ஆரத்தி எடுத்தாள். கல்யாண போட்டோவில் அவள் வயசும் தெரிகிறது, கோட்டின் கறையும் தெரிகிறது. சம்பந்தி அன்றைக்கு அதற்குமேல் பேசியது ஒரே வாக்கியம். சாப்பாட்டுப் பந்தியில், இலையைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த ஜீப்பே தேவல.” அதற்குப் பிறகு மூத்த மருமகளை யாரும் ஜீப்பைச் சொல்லி வைததில்லை. இந்தக் கூத்தில் லாபம் அடைந்தது அவள் ஒருத்திதான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காரை விடப்போனபோது, ஏன் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை என்று தங்கையா அண்ணாச்சியிடம் கேட்டேன். தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே சொன்னார்: “எனக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்ல தம்பி. பாதியில எப்படிப் போதும்னு சொல்லுது?”

கார் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. இப்போது நான் பாங்க் வேலையில் இருக்கிறேன். மதுரைக்குப் போனால் பழைய புத்தகக் கடைகளில் அந்த மாதிரிக் கார்களின் படத்தைத்தான் தேடுகிறேன். அப்படித்தான் கிழிந்த மூலையில் இருந்திருக்கக்கூடிய பெயரையும் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. மசால் கார் என்றால் விளங்கும். கடையத்தில் எனக்கே ‘மசால் மச்சான்’ என்றுதான் பெயர். அக்கா பிள்ளைகள் சொல்வது மசால் மாமா.

பொங்கலுக்குப் பொங்கல் அத்தான் இந்தக் கதையைத் தொடங்கிவைப்பார். கடைசியில் அப்பா, மனசிலேயே வைத்திருக்கும் கணக்கைச் சொல்லி முடிப்பார். பெட்ரோல், ரேடியேட்டர் குழாய், திரும்பி வராத அம்பாசடர் அட்வான்ஸ், தலைதீபாவளிக்கு அத்தானுக்குத் தைத்துக் கொடுத்த புதுக் கோட்டு, எல்லாம் சேர்த்து இருநூற்று எழுபத்து மூன்று ரூபாய்.

“அண்ணாச்சி தட்டுல போட்டதக் கழிங்க மாமா” என்பார் அத்தான்.

அப்பா கழிப்பார். இருநூற்று எழுபத்தொரு ரூபாய்.