கடைசி லோடு மண்

வயலில் மண் அடித்து வீடு கட்டுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஏராளம். அவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவர்களிலேயே ஒரு தனி ரகம் உண்டு. தம் மனையில் மண் கொட்டிய டிப்பர் லாரி தெருமுனை திரும்பிய கணத்தில் இயற்கை ஆர்வலராகிவிடுகிறவர். உலகில் வயலை மேடாக்கும் உரிமை தம்மோடு முடிந்தது என்று மனமார நம்புகிறவர். பார்த்திருப்பீர்களே?

எங்கள் ஞானசிகாமணி அண்ணாச்சி அந்த ரகம். ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம். வாழ்நாளெல்லாம் தும்மியது போதும் என்று, நகரம் முடிகிற இடத்தில், தண்ணீர் தேங்கும் வயலில் ஒரு துண்டு வாங்கினார். நாலடி செம்மண் அடித்தார். கார் போர்ட்டிகோவோடு மாடி வீடு எழுப்பினார். மழை வந்தது. அதுவரை வயலில் படுத்துக்கிடந்த தண்ணீர் வேறு இடம் தேடி, பக்கத்தில் கொத்தனார் நேசையனின் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

நேசையன் முழங்கால்வரை நனைந்தபடி வந்தார். "அண்ணாச்சி, அடுக்களைக்குள்ள வெள்ளம் கேறிட்டு. ஒரு ஓடையாவது விட்டிருக்கலாம், கேட்டியளா?"

"மழைன்னா வெள்ளம் வரத்தான செய்யும் நேசையா! நீ வீட்டை உசத்திக் கட்டியிருக்கணும்."

நேசையனின் மனைவி எலிசாள் அடுப்பைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூன்று மழைக்காலம் நின்றுகொண்டே, எட்டி எட்டிச் சமைத்தாள்.

அந்த மூன்று வருஷத்தில் அண்ணாச்சி அடைந்த வளர்ச்சி இருக்கிறதே! காலையில் மாடியில் நின்று மிச்சமிருந்த வயலின் கொக்குகளை எண்ணுவார், படம் பிடித்துக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார், கீழே 'ஈரநிலம் காப்போம்' என்று எழுதுவார், வருகிற விருந்தாளியை எல்லாம் ஜன்னலோரம் உட்காரவைத்து, "இந்தக் காத்துக்காகத்தான் இங்க வந்தேன்" என்பார். அந்த ஜன்னல் எதன்மேல் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. விருந்தாளிகள் நாகரிகமானவர்கள்.

பிறகு அந்த மிச்ச வயலை லிஜோ என்ற இளைஞன் வாங்கினான். முதல் டிப்பர் வந்த காலையில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"தம்பி, இது தண்ணி நிக்குற இடம். இங்க மண் அடிக்கிறது பாவம்!"

"பின்ன, அண்ணாச்சியோட வீடு மட்டும் எங்ஙன வந்தது? பறந்தா?"

"அது அந்தக் காலம்."

"எந்தக் காலம்? மூணு வருஷம் முந்தியா?"

லிஜோ ஐந்தடி மண் அடித்தான். ஜூன் மாதம் அண்ணாச்சியின் மனைவி சுசீலாபாய் ஹாலிலிருந்து கத்தினார்: "ஏங்க, சோபாவுக்கு அடியில தவளை!"

மறுநாளே அண்ணாச்சி வில்லேஜ் ஆபீஸில் மனு கொடுத்தார். நான்கு பக்கம், கொக்குப் படங்கள் இணைப்பு. ஒரு வாரத்தில் ஜெயஷீலா என்ற அதிகாரி கோப்போடு வந்தார். இரண்டு மனைகளையும் சுற்றிப் பார்த்தார். நேசையனின் அடுக்களைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"லிஜோவோட ஸ்தலம் ரெக்கார்டில வயல்தான், சாரே. மனு சரியாக்கும்."

அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"சாரோட ஸ்தலமும் வயல் தன்னே. ரெண்டு பேர் மேலயும் ரிப்போர்ட் போகும். அதுக்கு முன்னாடி வெள்ளம் போக ரெண்டு பேரும் வழி விடணும்."

லிஜோவின் பக்கம் மண்ணைத் தோண்டினால் போதும்; அண்ணாச்சியின் பக்கம் வழி, போர்ட்டிகோ வழியாகத்தான் இருந்தது. மழையில் வேறு ஆள் கிடைக்கவில்லை. கடப்பாரையோடு வந்தவர் நேசையன்.

"பாத்து உடை, நேசையா."

"மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், அண்ணாச்சி."

சாயங்காலத்துக்குள் தண்ணீர் கீழே வாய்க்காலுக்கு ஓடத் தொடங்கியது. அண்ணாச்சி திருந்தினாரா? ஓடையைப் படம் பிடித்து, 'நாங்கள் மீட்ட நீர்வழி' என்று குழுவில் போட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள். நேசையன் அந்தக் குழுவில் இல்லை; அவரைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் அந்த ரகம் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீடு இருப்பது நல்ல மேடு. அது எப்போது மேடானது என்று மட்டும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். விசாரிக்கப் போகும் இடம் உங்கள் வீட்டைவிடத் தாழ்வாக இருக்கும் வீடாக இருக்கட்டும்.