பூஜ்யம் தசம் ஆறு முருகையா

உலகத்தில் ரிப்போட் வாசிப்பவர்கள் என்றொரு இனம் இருக்கிறது. டொக்டர் வேறு, இவர்கள் வேறு. டொக்டருக்குப் படிப்பும் உண்டு, சந்தேகமும் உண்டு. இவர்களுக்கு இரண்டும் கிடையாது. உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாள் உறையை விட்டுக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், அது அவர்கள் கைக்குப் போய்விடும், நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கும், "ம்ம்ம்..." என்று ஒரு முனகல் வரும். பாதி உயிர் அதிலேயே போய்விடும்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி முருகையா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுத்து ஓய்வு பெற்றவர். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறிக் காட்டும் சீ.ஆர்.பி. என்ற சமாச்சாரம், மூன்று வருடத்துக்கு முன் அவருக்குப் பூஜ்யம் தசம் ஆறு என்று வந்தது. "இது குறைவா இருந்தா மாரடைப்பு வர்ற சாத்தியமும் குறைவு" என்று யாரோ ஒரு டொக்டர் சொல்லி வைத்தார். குறைவு என்ற சொல் முருகையாவின் காதில் 'இல்லவே இல்லை' என்று விழுந்தது. அன்றே தாளை லேமினேட் செய்தார். கலியாண வீடு, கோயில் திருவிழா எங்கும் அது சட்டைப்பையில் வந்தது. யாராவது சுகம் விசாரித்தால் வாய் திறக்கமாட்டார். தாளை நீட்டுவார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கொழுந்து பறிக்கும் பெரியாயி கன்னம் வீங்கி, பதுளையில் மருந்தெடுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் ரிப்போட். விடுவாரா?

"சீ.ஆர்.பி. நாப்பத்திரெண்டு!" என்றார் முருகையா.

"பல்லுல சீழாம்ண்ணே. மாத்திர குடுத்திருக்காங்க. வியாழக்கெழம புடுங்கணும்."

"பல்லு வலிச்சுச் சொல்லும். இருதயம் சொல்லாம வரும், தங்கச்சி. மூணுக்கு மேல போனாலே ஆபத்து. நாப்பத்திரெண்ட வச்சுக்கிட்டு நீ எப்பிடி நிக்கிறன்னே எனக்கு வெளங்கல."

பெரியாயி உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் செய்தி. மறுநாள் கொழும்பிலிருந்து மகன் ஜெயரூபன் திராட்சைப் பழத்தோடு வந்து அழுதான். அவளைக் கொழுந்து மலைக்குப் போகவிடவில்லை, தண்ணீர் தூக்கவிடவில்லை, சத்தமாகத் தும்மவும் விடவில்லை. புதன்கிழமை மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் பொன்னையா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஞாயித்துக்கெழம சங்கத்துக் கொட்டகைய வெலிமடைக்குக் குடுத்திருக்கு. திங்கக்கெழமன்னா பிரச்சின இல்ல. அக்காவுக்கு எப்பிடி வசதி?"

"மொதல்ல பல்லப் புடுங்கிட்டுச் சொல்றேன்" என்றாள் பெரியாயி, வீங்கிய வாயால்.

வியாழக்கிழமை, டொக்டருக்கு விஷயத்தைச் சரியாக விளக்குவதற்காக முருகையாவும் கூடவே கிளம்பினார். பதுளையில் இறங்கி ஏற்றத்தில் பத்தடி நடந்திருப்பார். நிறை கொழுந்துச் சாக்கை யாரோ நெஞ்சில் இறக்கினார்கள். இடது கை கனத்தது. வியர்வை சட்டையை நனைத்தது.

"அண்ணே, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சே!"

"வாயு" என்றார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். பூஜ்யம் தசம் ஆறு. சரியாகத்தான் இருந்தது. நெஞ்சுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

பெரியாயி அவருடைய கொலரைப் பிடித்து, போன ஆட்டோவை மறித்து, உள்ளே தள்ளினாள். "வீட்டுக்கு" என்றார் முருகையா. "ஆஸ்பத்திரிக்கு" என்றாள் பெரியாயி. டிரைவர் ஷிபான் இரண்டு முகத்தையும் கண்ணாடியில் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கே விட்டான்.

ஈசீஜி எடுத்தார்கள். மாரடைப்பு.

"மெஷின் பழுதா இருக்கும்" என்று முருகையா தாளை நீட்டினார்.

டொக்டர் விதுஷா அதைத் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இது மூணு வருசப் பழசு. புதுசா இருந்தாலும், ஆயிரம் பேர்ல யாருக்கு ஆபத்து கூடன்னு ஓரளவு சொல்ல உதவும், அவ்வளவுதான். ஒருத்தருக்கு வராதுன்னு சத்தியம் பண்ணாது. பீடி குடிப்பீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ஆனா அது ரிப்போட்ல வரலியே!"

"பிரஷர் பார்த்தீங்களா?"

"எதுக்கு?" என்ற முருகையா பெரியாயியைக் காட்டினார்.

"இந்த அம்மாவுக்கு நாப்பத்திரெண்டுங்களே?" என்று கடைசி நம்பிக்கையாகக் கேட்டார்.

"பல்லுல சீழ் இருந்தா ஏறத்தான் செய்யும். அத வச்சு இருதயத்துக்குச் சாத்திரம் சொல்ல ஏலாது. இப்ப பேசாம படுங்க."

ஊசி ஏறியது. தாளை எங்கோ எடுத்து வைத்துவிட்டார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த முருகையாவுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் எண்கூட இல்லை. பெரியாயியின் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மூணு நாளா இருந்துச்சுண்ணே" என்றாள் அவள். கையை மட்டும் விடுவிக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். பெரியாயி அன்று பின்னேரமே பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மலை ஏறினாள். முருகையா மூன்று நாள் யாருடைய ரிப்போட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலை எதிர்க்கட்டிலில் ஒருவர் உறையிலிருந்து தாளை எடுத்தார். முருகையா மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்குக் கடைசியாகப் பார்த்தபோது இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் உடனே சொல்லிவிடுவீர்கள்.