கொள்ளுப்பிட்டியில் பிடித்துக்கொண்ட கழுத்து

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சுறுசுறுப்பானவள் என்று நினைத்துவிடாதீர்கள், நான் அந்த ரகம் இல்லை. கதிரையில் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். அதைப் பிடித்து நிறுத்தினால் இடது கால் ஆடும். இரண்டையும் அடக்கினால் விரல்கள் மேசையில் தாளம் போடும். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் என் வாங்கில் இருப்பவர்கள் மெதுவாக எழுந்து அடுத்த வாங்குக்குப் போய்விடுவார்கள். (கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மேல்மாடியில். கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் அம்மாவிடம், "என்ன, தையல் மெஷின் வாங்கினீங்களோ?" என்று கேட்டார். மேலே நான் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.)

இப்படிப்பட்ட ஒருத்தி பட்டப்படிப்பு முடித்து வேலை தேடப் புறப்பட்டால் என்ன நடக்கும்? இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். போவேன். உட்காரச் சொல்வார்கள். அங்கேதான் பிரச்சினை. ஓர் அலுவலகத்தில் என் கால் ஆடிய ஆட்டத்தில் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸ் மெல்ல மெல்ல நகர்ந்து எதிரே இருந்தவர் பக்கம் போனது. அவர் நான் சொன்ன ஒரு பதிலையும் கேட்கவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா துறைமுகத்தில் இலிகிதர், கோப்பு எழுதும் வேலை. ஓய்வுபெறும் காலம் நெருங்கிவிட்டது. தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில். அம்மா எனக்கு ஒரு கெடு வைத்திருந்தார்: நத்தார்ப் பண்டிகைக்கு முன் வேலை கிடைக்காவிட்டால் நீர்கொழும்பிலிருந்து வந்திருக்கும் கலியாணப் பேச்சை முடித்துவிடுவது. அந்தப் பையனை நான் பார்த்ததில்லை. ஆனால் அசையாமல் நாள் முழுக்க இருக்கக்கூடிய நல்ல பிள்ளை என்று சொன்னார்கள். பயந்துபோனேன்.

அப்போதுதான் டிலான் வந்து சேர்ந்தான். அவன் வெள்ளவத்தையில் இருக்கும் மாமியின் மகன், என் வயதுதான். ஏறி இறங்கிய அலுவலகங்களிலெல்லாம் "அறிவிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எப்படியோ சேர்ந்துவிட்டவன். சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குத் தான் ஒரு நிபுணன் என்று நினைப்பு.

"ஷர்மி, வேலை தேடுறதும் ஒரு கலைதான். அதைப் பழகோணும். நீ பழகாமப் போறதாலதான் துரத்துறாங்கள்," என்றான்.

"துரத்தேல்லை. அறிவிக்கிறம் எண்டுதான் சொன்னவங்கள்."

"அதுக்குப் பேர்தான் துரத்துறது. எனக்குத் தெரியாதா?"

பின்னேரங்களில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். கீழே புடைவைக் கடை, மேலே மாமி வீடு. டிலான் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். (இடுப்பில் கட்டியிருந்தது சாரம்தான். மேசை மறைத்தது.) கை குலுக்குவது, கண்ணைப் பார்ப்பது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்காமல் இருப்பது, எல்லாம் பழக்கினான். "உங்கட பலவீனம் என்ன?" என்று கேட்டால், "எதையும் திருத்தமாச் செய்யாட்டி எனக்கு நித்திரை வராது" என்று சொல்லவேண்டுமாம்.

"அது பலவீனமில்லையே."

"அதாலதான் சொல்லச் சொல்றன்!"

எல்லாம் சரி, கால் மட்டும் நிற்கவில்லை. மாமியின் பீங்கான்கள் அலுமாரிக்குள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் டிலான் தன்னிடமிருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தான்.

"கண்ணாடி முறை. இன்டர்வியூ எடுக்கிற ஆள் எப்பிடி இருக்கிறாரோ அப்பிடியே நீயும் இரு. அவர் கை கட்டினா நீயும் கட்டு. அவர் சாஞ்சா நீயும் சாய். அவருக்கு ஏனெண்டு தெரியாமலே உன்னைப் பிடிச்சுப்போகும். உனக்கும் வேலை இருக்கும், கால் சும்மா கிடக்கும்."

மாமியிடமே பரிசோதித்தோம். அவர் தாடையில் கை வைத்தார், நானும் வைத்தேன். பெருமூச்சு விட்டார், நானும் விட்டேன். அன்றிரவு மாமி அம்மாவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை இண்டைக்குத்தான் என்னோட மனம்விட்டுக் கதைச்சுது" என்றாராம். நான் வாயே திறக்கவில்லை. அதைவிட அதிசயம், என் கால் அசையவேயில்லை!

சில நாட்களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. ஆவணப் பிரிவில் உதவியாளர் வேலை. துறைமுகத்து ஆளின் மகளுக்குக் கப்பல் வேலை என்பதால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. (அவரும் கால் ஆட்டினார். அது பரம்பரை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.)

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மேலாளர் நவ்ஷாத் சேர். பக்கத்தில் ஆட்களைச் சேர்க்கும் ஆளணிப் பிரிவின் சுமதி மிஸ். நவ்ஷாத் சேர் தலையை இடது தோள்பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பெரிய ஆட்கள் கவனமாகக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பார்கள் என்று டிலான் சொல்லியிருந்தான். இவர் மிகவும் கவனமாகக் கேட்பவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி என்றால் அவருடைய இடது எனக்கு வலது. உடனே என் தலையை வலது தோளில் கொண்டுபோய் வைத்தேன். கடற்காற்றில் ஒரே பக்கம் வளைந்த இரண்டு தென்னைகள் மாதிரி நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

என்ன சொல்ல, கால் செத்த மாதிரிக் கிடந்தது! எனக்குள் ஒரே குதூகலம். கேள்விகளுக்குப் பதில் தண்ணீராக வந்தது. அவர் சுமதி மிஸ்ஸைப் பார்க்க உடம்போடு திரும்பினார்; நானும் உடம்போடு திரும்பினேன். அவர் பிடரியில் கை வைத்து அழுத்தினார், நானும் அழுத்தினேன். தேநீர் வந்தது. அவர் சாய்ந்தபடியே ஒரு மிடறு குடித்தார். நானும் சாய்ந்தபடியே குடித்தேன். பாதி வாய்க்குள் போனது, பாதி காதுப்பக்கம் போனது. சுமதி மிஸ் என் சி.வி.யை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அந்தக் காகிதம் நடுங்கியது.

அவர் "ஸ்ஸ்ஸ்" என்றார்.

நானும் "ஸ்ஸ்ஸ்" என்றேன்.

நவ்ஷாத் சேர் கோப்பையைக் கீழே வைத்தார். "மகள், உங்களுக்கும் கழுத்துப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அந்த 'உங்களுக்கும்' என்ற சொல்லில் இருந்த 'உம்' அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுசன் கவனமாகக் கேட்கவில்லை. காலையில் கழுத்துப் பிடித்து, நோவோடு வேலைக்கு வந்திருக்கிறார். நான் இவ்வளவு நேரமும் அவர் முகத்துக்கு முன்னால் இருந்து அவரைப் பழித்துக் காட்டியிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்?

"ஓம் சேர்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்! "எப்பிடி வந்த?"

"தலையணை சரியில்லை சேர்."

"பாருங்க! எனக்கும் தலையணைதான். வீட்டில சொன்னா யாரும் நம்புறாங்க இல்ல." சுமதி மிஸ் பக்கம் உடம்போடு திரும்பினார். "இவ்வளவு நோவோட நேரத்துக்கு வந்திருக்கிறா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தலையிடிக்கே லீவு போடுறாங்க."

பிறகு வேலையைப் பற்றிய பேச்சே இல்லை. எந்த எண்ணெய் நல்லது, சுடுதண்ணி ஒத்தடமா ஐஸா, பஸ்ஸில் போகும்போது எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்றெல்லாம் அக்கறையாகச் சொன்னார். என் கழுத்து இதற்குள் உண்மையாகவே வலிக்கத் தொடங்கியிருந்தது. சுமதி மிஸ் கடமைக்கு, "உங்கட பலவீனம் என்ன?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நவ்ஷாத் சேர், "பாவம், கழுத்துத்தானே" என்று முடித்துவிட்டார். அடுத்த கிழமை வரத் தயாராக இருக்கச் சொன்னார். கடிதம் வரும் என்றார். சாய்ந்தபடியே நன்றி சொன்னேன், சாய்ந்தபடியே எழுந்தேன், சாய்ந்தபடியே கதவு நிலையில் இடித்துக்கொண்டேன்.

லிஃப்டிலும் தலையை நிமிர்த்தவில்லை. (கெமரா இருந்தால்?) பஸ் ஹோல்ட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். டிலானுக்கு, "கிடைச்சிட்டுது!" என்று மெசேஜ் போட்டேன். அடக்கி வைத்திருந்த கால்கள் இரண்டும் சேர்ந்து ஆடின. கழுத்தை இடப்பக்கம் வளைத்தேன், வலப்பக்கம் வளைத்தேன், ஒரு முழு வட்டம் சுற்றினேன். என்ன சுகம்! இன்னொரு வட்டம் சுற்றத் தொடங்கி, தலையைப் பின்னால் நன்றாகச் சரித்தேன்.

நவ்ஷாத் சேரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் இறங்கி வந்ததில் நெற்றியெல்லாம் வியர்வை. கையில் ஒரு சின்னத் தைலப் போத்தல். அவர் பூசுவதற்கு வைத்திருந்ததை எனக்குக் கொடுக்க வந்திருக்கிறார்.

தலையை முன்னுக்குக் கொண்டுவந்து, திரும்பி, அவரை நேராகப் பார்த்தேன். இனிச் சாய்த்து என்ன பயன்?

"எப்ப மகள் சுகமானது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பினார் போலிருந்தது.

"இப்பத்தான் சேர்."

அவர் என்னைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். அதை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. "நகின்ட நங்கி, நகின்ட!" என்று ஏறச்சொல்லிச் சிங்களத்தில் கொண்டக்டர் கத்தினான். எங்கே போகும் பஸ் என்றும் பார்க்காமல் ஏறிவிட்டேன். யன்னலால் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியாததால், பஸ் போகும் பக்கம் முழு உடம்பையும் திருப்பி அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தைலப் போத்தல்தான் கொட்டாஞ்சேனைவரை என்னைக் குத்திக்கொண்டு வந்தது. (நேரே வரவில்லை. அந்த பஸ் எங்கேயோ பொரளைப் பக்கம் போய்விட்டது.)

சுற்றி வளைத்து வீடு வந்து சேர்ந்தால் வாசலில் செருப்புக் கூட்டம். டிலான் என் மெசேஜை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். வெள்ளவத்தையிலிருந்து மாமி கேக்கோடு வந்திருந்தார். கீழ்வீட்டு அன்ரி இருந்தார். அப்பா அரைநாள் லீவு போட்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால், கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்தார். டிலான், "நான் கழுத்தைச் சொல்லேல்லையே!" என்று கத்தினான். அப்பா வாயில் கேக்கோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். "இப்பத்தான் சேர்..." என்று முனகியவருக்குக் கேக் புரைக்கேறி, முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது. அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இம்முறை வாய்ப்பில்லை, வருந்துகிறோம். கீழே சுமதி மிஸ் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: கழுத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இன்டர்வியூவுக்கு நான் ஒரு வித்தையும் கொண்டுபோகவில்லை. கொச்சிக்கடைப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு. கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். "நாள் முழுக்க நிண்டு, நடந்து வேலை செய்ய ஏலுமோ?" என்று கேட்டார்கள். "இருந்து வேலை செய்யத்தான் சேர் எனக்கு ஏலாது," என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். நீர்கொழும்புப் பையன் தப்பினான்.

டிலான் இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ வகுப்பு எடுக்கிறான். கண்ணாடி முறையைப் படிப்பிக்கும்போது, "முதலில எதிர இருக்கிற ஆளுக்குச் சுகமா எண்டு பாருங்கோ" என்று ஓர் எச்சரிக்கை சேர்த்துச் சொல்கிறானாம். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் மாறினாலும், "எப்ப சுகமானது?" என்று ஒருவர் கேட்கவேண்டும், மற்றவர் "இப்பத்தான் சேர்" என்று சொல்லவேண்டும். அப்பா கண் ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்தபோது தாதியிடமே இதைச் சொல்ல, அந்தப் பிள்ளை டொக்டரைக் கூப்பிட ஓடிவிட்டாள்.

என் கலியாணத்திலும் விட்டார்களா? கோயில் வாசலில் படம் எடுக்கிறவர், "மிஸ், மாப்பிள்ளைப் பக்கம் தலையைக் கொஞ்சம் சாய்ங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். சொந்தக்காரக் கூட்டம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து டிலான், "சாய்க்காத ஷர்மி, இந்த வேலையும் போயிடும்!" என்று கத்தினான். நான் சாய்க்கவில்லை. அல்பத்தைத் திறந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் என் கணவர் அன்பாக என் பக்கம் சாய்ந்திருக்கிறார். நான் மட்டும் பாஸ்போட்டுக்கு நிற்பவள்போல் நேரே நிற்கிறேன்.