புரட்டாசி சனிக்கிழமை என் வீட்டில் வெந்தது பிரியாணி அல்ல

நடுப்படுகை,
திருவையாறு வழி.
புரட்டாசி, புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் பேராவூரணி திரு. இளையபெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்சத்தை முப்பத்து மூன்று வருடங்களாகக் கண் கலங்காமல் வைத்துக் காப்பாற்றி வரும் செல்லதுரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், பசுவும், கன்றும், வாய்க்கால் தண்ணீரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், தென்னந்தோப்பும், ஒரு வாரமாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும், அவளோடு கூடவே வந்து தங்கியிருக்கும் கோபமும் எப்படி இருக்கின்றன என்பதை அறிய ஆவல்.

நிற்க. தேங்காய் வண்டி ராஜ்குமாரிடம் தாங்கள் சொல்லி அனுப்பிய செய்தி நேற்று மாலை கிடைத்தது. “புரட்டாசி சனிக்கிழமை அதுவுமாகப் பிரியாணி ஆக்கித் தின்ற மனுஷனுக்கு அறுபதாம் கல்யாணம் ஒரு கேடா” என்று தாங்கள் கேட்டதாகவும், “திருக்கடையூருக்கு வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்று அம்சம் உள்ளேயிருந்து குரல் கொடுத்ததாகவும் அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சான், நான் பிரியாணி ஆக்கவில்லை. நீங்கள் கும்பிடுகிற அத்தனை சாமி மேலும் சத்தியம். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். உங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பேராவூரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அம்சம் போனோ என் நம்பரைப் பார்த்ததும் கட் ஆகிறது. ஆகையால் பழைய காலம் மாதிரி பேனா எடுத்தேன். நடந்தது பூராவையும் ஆதியோடந்தமாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சண்டை எதனால் என்று அவள் உங்களிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். மக பூவிழி பிரசவத்துக்குன்னு இவ சிங்கப்பூர் போய் மூணு மாசம் இருந்துட்டு வந்தா இல்லையா, வரும்போது ஒரு கரண்டு குக்கரையும் கூடவே தூக்கிக்கிட்டு வந்தா. குக்கரோட நின்னுருந்தா பரவால்ல. அங்க மாப்ள பரிதி ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சு, தன் கையால மாவு பிசைஞ்சு, பட்டைத்தூளும் சர்க்கரையும் வெண்ணெயும் தடவி, பாய் மாதிரி சுருட்டி, துண்டு துண்டா நறுக்கி, அந்த குக்கர்ல வச்சு வேகவச்சுத் தருவாராம். சினமன் ரோலாம். வந்த நாள்லேர்ந்து அந்தப் பேச்சுதான். நான் சாம்பார் நல்லாருக்குன்னு சொன்னா “மாப்ள செஞ்ச ரோலு சாப்பிட்டிருக்கணும் நீங்க”ங்குறா. மாடு கன்னு போட்டுச்சுன்னு ஓடியாந்து சொன்னா “மாப்ள அன்னிக்கு ரோலு செஞ்சப்ப”ங்குறா. எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் பொறுப்பான்? போன புதன்கிழமை, கல்யாணப் பத்திரிகையெல்லாம் குடுத்து முடிச்சு அசந்து உக்காந்திருக்கேன், மறுபடி ஆரம்பிச்சா. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். “பட்டையைப் போட்டுச் சுருட்டுன பன்னு, அதுக்கு இம்புட்டுப் பேச்சா? ஒரு கையால செஞ்சுட்டுப் போவேன்”னுட்டேன். அவ விசுக்குன்னு எந்திரிச்சா மச்சான். “செய்யுங்க. செஞ்சுட்டு சொல்லியனுப்புங்க, வர்றேன்”னு பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. வர்ற வெள்ளிக்கிழமை தாலி கட்டணும், பொண்ணு பேராவூரணியில. ஊர் உலகத்துல எந்த மாப்பிள்ளைக்காச்சும் இந்தக் கதி வருமா?

சரி, நாம பாக்காத வேலையான்னு பூவிழிக்குப் போன் போட்டு செய்முறை கேட்டேன். அம்மாட்ட சொல்லிடாதம்மான்னு கெஞ்சுனேன், சொல்லமாட்டேம்ப்பான்னு சத்தியம் பண்ணுச்சு. திருவையாறு பேக்கரியில ஈஸ்ட் வாங்கியாந்தேன். பொட்டலத்தைப் பிரிச்சா கேவுரு ரவை மாதிரி இருக்கு. “அதுல உசுரு இருக்குப்பா, வெதுவெதுப்பா எதுலயாச்சும் கலக்கி வையுங்க”ன்னு பூவிழி சொல்லுச்சு. உசுரு இருக்குற பொட்டலம் நமக்குப் புதுசா? விதைநேர்த்திக்கு அசோஸ்பைரில்லம் உயிர் உரப் பொட்டலம் வாங்கியாந்து வடிகஞ்சியில கலக்குறவன்தானே நானு. அதே கணக்குல இதையும் ஆறுன வடிகஞ்சியில கலக்கிட்டேன். மாவு எந்திரிக்கவே இல்ல. தட்டிப் பாத்தேன், திருப்பிப் பாத்தேன், மோட்டார் கொட்டாய்ல கொண்டுபோய் வச்சுப் பாத்தேன். போட்டது போட்டபடி கெடக்கு. இருக்கட்டும், சூட்டுல எந்திரிக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு பட்டையை எடுத்தேன். டப்பாவுல இருந்த பட்டை நமுத்துப் போயிருந்துச்சு, அதை நெய்யில லேசா வறுத்து இடிச்சேன். வெறும் பட்டையா இருக்கேன்னு துணைக்கு ரெண்டு கிராம்பும் ஏலக்காயும் போட்டேன். இதுதான் மச்சான் நான் செஞ்ச தப்பு. இது ஒண்ணுதான்.

நெய்யில பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் வறுபட்டா என்ன வாசனை வரும்? நீங்களே சொல்லுங்க. அன்னிக்குப் பாத்து சனிக்கிழமை. தெருவே நாமம் போட்டுக்கிட்டு விரதச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கு. பக்கத்து வீட்டுக் குந்தவை கொல்லைப்பக்கமா எட்டிப் பாத்து, “செல்லதுரை அண்ணே, அண்ணி ஊர்ல இல்லன்னா இப்படியா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதா?”ன்னு கேட்டுச்சு. நான் இது பிரியாணி இல்லம்மா, ரோலுன்னேன். “என்ன பேரு வச்சா என்னண்ணே”ன்னுட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிருச்சு. போன கையோட பால் சொசைட்டியில சொல்லிருக்கு. பால் சொசைட்டியிலேர்ந்து உங்க ஊருக்கு என் வீட்டுப் பிரியாணி எப்படி வந்துச்சுன்னு ராஜ்குமாரைக் கேளுங்க. கோழி எத்தனைங்குறது வரைக்கும் அவன் சொல்லியிருப்பான்.

இங்க என் பாடு என்னன்னா, சுருட்டுனதை குக்கருக்குள்ள அடுக்கி, மூடி போட்டுப் பட்டனை அமுக்கிட்டு விசிலுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். பிறந்ததுலேர்ந்து விசிலைக் கேட்டுத்தானே சோறு தின்னுருக்கோம்? ஒரு விசில், ரெண்டு விசில்னு கணக்கு. இது கம்முன்னு கெடக்கு. வேகலன்னு மறுபடி பட்டனை அமுக்குனேன். பேப்பர் படிச்சேன். மாட்டுக்குத் தீனி வச்சேன். விசில் வர்ற வழியக் காணோம். கடைசியில அதோட கண்ணாடியில பர்ன்னு இங்கிலீஷ்ல எழுத்து வந்துச்சு. தீய்ஞ்சு போச்சுன்னு அதுவே எழுதிக் காட்டுது! அது எழுதுறதுக்கு முன்னாடியே எனக்கு மூக்குல தெரிஞ்சிருச்சு. தொறந்து பாத்தா உள்ள கருங்கல்லு. பூவிழிக்குப் போன் போட்டா, “அப்பா, கீழ தண்ணி ஊத்துனீங்களா? அது விசிலே அடிக்காதுப்பா”ன்னு சிரிச்சுச்சு. இதை முன்னாடி சொல்லப்படாதா? சிங்கப்பூர்ல பச்சைப்புள்ளை கூடச் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. திங்கக்கிழமை திரும்பவும் பண்ணுனேன், தண்ணி ஊத்துனேன், ரோலை மூடாம விட்டுட்டேன், ஆவித்தண்ணி பூரா அதுமேல சொட்டிக் கொழகொழன்னு கொழுக்கட்டை ஆயிருச்சு. பசு தின்னுச்சு. கன்னுக்குட்டி மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மனசு விட்டுப்போச்சு மச்சான், பொய் சொல்லல. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. பசு கூட என்னை ஒழுங்கா கறக்க விடல, அம்சம் வர்ற வழியவே பாத்துக்கிட்டு நிக்குது. காப்பி போட்டா எனக்கே குடிக்க முடியல. ரோலாவது மண்ணாவது, நேரா பேராவூரணிக்கு வந்து உங்க வாசல்ல நின்னு கூட்டிக்கிட்டு வந்துரலாமான்னு தோணுச்சு. ஆனா வாய் விட்டது நானு. வெறுங்கையோட வந்து நின்னா, இன்னும் முப்பத்து மூணு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவா. உங்க தங்கச்சியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?

அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. தாளடிப் போகத்துக்கு விதைநெல்லை ஊறப்போட்டு, வடிச்சு, சாக்குல கட்டி, வைக்கோல் போத்தி முளைக்க வச்சிருந்தேன். முளை விடுற மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்கீங்கள்ல, கதகதன்னு இருக்கும். மாவுக்கு வேண்டியது அந்தச் சூடுதானே? செவ்வாக்கிழமை காலையில வடிகஞ்சிய விட்டுட்டு வெதுவெதுன்னு பால்ல ஈஸ்ட்டைக் கலக்கி, மாவு பிசைஞ்சு, தூக்குவாளியில போட்டு, மூட்டையப் பிரிச்சு நெல்லுக்கு நடுவுல பொதைச்சு மறுபடி கட்டி வச்சுட்டு வரப்பு வெட்டப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா, ஆத்தாடி! மூட்டை நிறைமாசமா நிக்குது. தூக்குவாளி மூடியத் தள்ளிட்டு மாவு பொங்கி நெல்லுக்குள்ள எறங்கியிருக்கு. எனக்கு வந்த சந்தோஷத்துல குந்தவையைக் கூப்பிட்டுக் காட்டுனேன். “அண்ணே, இது மாவு முளைச்சிருக்கா, நெல்லு முளைச்சிருக்கா?”ன்னு அது கேட்டுச்சு. ரெண்டும்தான்னேன். அந்நேரம் பாத்துத்தான் ராஜ்குமாரும் உங்க செய்தியைக் கொண்டுக்கிட்டு வந்தான். அவனும் மூட்டையைப் பாத்தான். ரெண்டு பேரும் உக்காந்து மாவுல ஒட்டுன நெல்லைப் பொறுக்கிக் குடுத்துட்டுத்தான் போனாங்க. நெல்லுல ஒட்டுன மாவை நான் கழுவி எடுத்தேன், முழுசாப் போகல. இன்னிக்கு விடிஞ்சதும் நாத்தங்கால்ல விதைச்சேன், தெளிக்கத் தெளிக்க எனக்குப் பின்னாடியே ஏழூர்க் கொக்கும் மைனாவும் வந்து எறங்கிருச்சு. அந்த வரவேற்புல மாலைய மட்டும்தான் போடல.

ஆனா மச்சான், அந்த மாவு! விரிச்சா விரியுது, சுருட்டுனா சுருளுது. பட்டையத் தனியா வெயில்ல காயவச்சு இடிச்சு, நாட்டுச்சர்க்கரை கலந்து, நம்ம பசு வெண்ணெயத் தடவி, நறுக்கி வச்சேன். பூவிழி ஏதோ அலுமினியத் தாளு போட்டு மூடச் சொல்லுச்சு, அது இல்ல. கொல்லையில வாழை இருக்கு, ஒரு தலைவாழை நுனிய அறுத்து வாட்டி, பாத்திரத்து வாயைக் கட்டிட்டேன். அடியில தண்ணி ஊத்துனேன். விசிலுக்குக் காத்திருக்கல. தொறந்தப்ப ஒரு வாசனை வந்துச்சு பாருங்க, பட்டையும் வெண்ணெயும் வாட்டுன இலையுமா, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஒண்ணு ஒண்ணும் உப்பி, பஞ்சா, ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. அங்கங்க ரெண்டு முளைநெல்லு எட்டிப் பாக்குது, அதைத் துப்பிட்டுச் சாப்பிடணும். குந்தவை சாப்பிட்டுட்டு, “அண்ணே, சனிக்கிழமை இதுதானா? நான் தப்பாச் சொல்லிட்டேன்”னு சொல்லுச்சு. சொன்னதோட மூணு எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

ஆகவே, மைத்துனர் அவர்களே, சாட்சி சகிதம் இதோ. ரோல்கள் பாத்திரத்தோடு ஒட்டியிருப்பதால் குக்கரின் உள்பாத்திரத்தையே ராஜ்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்சத்திடம் காட்டுங்கள். சாப்பிடச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்துவிட்டேன், சொல்லியனுப்பியும்விட்டேன், வருகிறேன் என்று சொன்ன வாக்கை அவள் காப்பாற்ற வேண்டும். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தடவை பெண் கேட்டேன். அப்போது என்னிடம் காலே அரைக்கால் வேலி நிலமும் ஒரு சைக்கிளும்தான் இருந்தன, நீங்கள்தான் உங்கள் அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தீர்கள். இப்போது இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். அதே பெண்தான் வேண்டும், வேறு பெண் பார்க்க மாட்டேன். இனி ஆயுசுக்கும் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், மாப்பிள்ளையின் ரோலைப் பற்றி வாய் திறக்க மாட்டேன், இந்தக் குக்கரையும் உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று உறுதி கூறுகிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். தோப்பில் உள்ள தென்னைகளுக்கு நல்ல காய்ப்பும், தங்களுக்கு நல்ல மூட்டுகளும், என் மனைவிக்கு நல்ல புத்தியும் உண்டாக அபிராமி அருளட்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை,
செல்லதுரை.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. கவரை ஒட்டப் போறேன், ராஜ்குமார் வண்டி வாசல்ல வந்து நிக்குது, முன்சீட்லேர்ந்து அம்சம் எறங்குறா. என்னைப் பாக்காம நேரா நாத்தங்காலுக்குப் போனா, கொக்கை வெரட்டிட்டு வந்தா, காலைக் கழுவுனா, நின்னபடியே ஒரு ரோலை எடுத்து வாயில போட்டா. இன்னொண்ணு எடுத்தா. “பிரியாணின்னு நெனச்சியா?”ன்னு கேட்டேன். “வெந்நி வைக்கத் தெரியாத மனுஷன் பிரியாணி ஆக்குனாருன்னா நான் நம்புவேனா? பூவிழி எனக்கு அன்னன்னிக்கே சொல்லிருச்சு. நான் அப்பவே கிளம்பியிருப்பேன். அண்ணன்தான் ‘இரு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும், நல்லாக் கத்துக்கட்டும்’னு அந்தச் செய்திய சொல்லிவிட்டுச்சு. விதை மூட்டையில மாவை வச்சாருன்னு கேட்டப்புறம் விட்டா வீடு தாங்காதுன்னு வந்துட்டேன்”ங்குறா. நல்லா இருங்க மச்சான்! கடிதத்தை முழுக்கப் படிச்சுட்டு, அனுப்புங்க, அண்ணன் சிரிக்கட்டும்னு சொன்னதும் அவதான். பட்டை கொஞ்சம் ஜாஸ்தியாம். ஆனா கடைசி ரோலை எனக்குக் குடுக்கல.

வெள்ளிக்கிழமை திருக்கடையூர்ல பந்தியில இதையும் ஒவ்வொரு இலைக்கும் வைக்கணுமாம், என் கையால செஞ்சதாத்தான் இருக்கணுமாம், பொண்ணு சொல்லிட்டா. நாளைக்கு முழுக்க எனக்கு அடுப்படிதான். அதனால வேட்டி, புடவை, மாலையோட உங்க வீட்டுக் குக்கரையும் நாளைக்கே ராஜ்குமார்ட்ட குடுத்துவிடுங்க. விசில் அடிக்கிறதா இருந்தா ரொம்ப நல்லது.