சிவபாண்டியின் வண்டியும் கன்னி ராசியும்

புது வருசத்தன்று காலையில் கேசரியைக் கிண்டிக்கொண்டே இசைவாணி சொன்னாள்.

"ஏங்க, இந்த வருசம் நான் டயட்டெல்லாம் இருக்கப் போறதில்ல."

சிவபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போன வருசம் அவள் டயட் இருந்தது பதினோரு நாள். பதினோரு நாளும் வீட்டில் வெள்ளரிக்காய்தான். கம்பெனிக்குப் போகிற வழியில் ஆட்டைப் பார்த்தால், 'நீயும் நானும் ஒண்ணுதான்டா' என்று அவனுக்கு அழுகை வந்துவிடும்.

"நல்ல முடிவு புள்ள!"

"அதுக்குப் பதிலா மனசுக்குச் சந்தோசமா ரெண்டு காரியம் செய்யப் போறேன். ஒண்ணு, நம்ம ஸ்கூட்டிய ஓட்டப் படிக்கணும். ரெண்டு, வாராவாரம் நானே ஓட்டிக்கிட்டு விருதுநகர் போயி எண்ணெய்ப் புரோட்டா திங்கணும்."

ருசி பார்க்க எடுத்த கேசரியை அவன் தட்டிலேயே வைத்தான்.

தீபாவளி போனஸில் வாங்கிய சிவப்பு ஸ்கூட்டி. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை. திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை. வேலைக்குக் கம்பெனி வேனில்தான் போவான். வண்டியில் தூசி பட்டுவிடுமே! ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைக் குளிப்பாட்டி, பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று. பெற்ற மகள் ஓவியாவையே செருப்பைக் கழற்றச் சொல்லித்தான் ஏற்றுவான்.

"வண்டி ஓட்டுறது சும்மாவா புள்ள? அடிபட்டுரும்."

"யாருக்கு? எனக்கா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"மொதல்ல எதுக்குப் பயந்தீக?"

அவன் பேச்சை மாற்றினான். "எண்ணெய்ப் புரோட்டா தின்னா உடம்பு போட்டுரும். பேசாம டயட்டே..."

"வெள்ளரிக்கா வாங்கியாரவா?"

"வேணாம் தாயி! வண்டியவே ஓட்டு."

வாய்தான் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. இசைவாணி தினசரி காலண்டரில் ராசி பலன் பார்க்காமல் பால்கூடக் காய்ச்ச மாட்டாள். காலண்டர் யார் கையில்? கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கண்ணுச்சாமியைப் பிடித்தான். ரெண்டு டீ, நாலு பஜ்ஜி.

"ஒரே ஒரு காலண்டருக்கா? அதுவும் ஞாயித்துக்கிழமை தாளு மட்டுமா?" கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான்.

"ஆமாண்ணே. கன்னி ராசிக்கு 'வாகனம் தவிர்'. வருசம் பூரா."

'கம்பி லூசா இருக்கு' என்று வீட்டுக் காலண்டரைக் கொண்டுபோய்த் தாள்களை மாற்றி, மறுநாளே ஆணியில் மாட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இசைவாணி தாளைக் கிழித்தாள். படித்தாள்.

"ஏங்க, 'வாகனம் தவிர்'னு போட்டிருக்கே!"

"அடடா! காலண்டர மீறலாமா? நல்லதுக்குத்தான் சொல்லும்." உள்ளுக்குள் அவனுக்குப் பத்தாயிரம் வாலா வெடித்தது. விசிலடித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தான்.

"நீங்க எங்க கெளம்பிட்டீக?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்..."

"நீங்களும் கன்னி ராசிதான? ரெண்டு பேருக்கும் ஒரே ராசின்னு ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டாகளே!"

விசில் நின்றது. இது எப்படி மறந்தது?

"அது... பொம்பளைகளுக்கு மட்டும் புள்ள."

"அப்படி எங்கன போட்டிருக்கு? காட்டுங்க."

எங்கேயும் போடவில்லை. போடச் சொல்ல அவனுக்குத்தான் தோன்றவில்லை. அவள் காலண்டரைப் புரட்டினாள்.

"அடுத்த ஞாயிறும் தவிர். அதுக்கடுத்த ஞாயிறும் தவிர். அய்யய்யோ, டிசம்பர் வரைக்கும் தவிரு! மத்த நாளு வண்டிக்கு ஒரு கொறையும் சொல்லல. திங்கக்கிழமை லாபம்னே போட்டிருக்கு. சாவியக் குடுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இன்னொரு பதினோரு நாள் வெள்ளரிக்காய். சாவி கை மாறியது.

மறுநாள் அவன் கம்பெனி வேனில் ஏறியதும், பக்கத்து வீட்டுச் சம்சாத் வந்தாள். லைசென்ஸ் வைத்திருப்பவள். முதல் வாரம் பள்ளிக்கூடத்து மைதானம். ரெண்டாவது வாரம் மெயின் ரோடு. சாயங்காலம் வந்து சிவபாண்டி வண்டியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுவான். ஏறி உட்கார மட்டும் முடியாது.

மூணாவது சனிக்கிழமை சாயங்காலம் அவன் வேனைவிட்டு இறங்கி நடந்தான். பின்னால் ஹாரன். சிவப்பு ஸ்கூட்டி. முன்னால் பெரிய 'எல்' போர்டு. ஹெல்மெட்டுக்குள்ளே சிரிக்கிற இசைவாணி. பின்னால் சம்சாத். கொக்கியில் எண்ணெய் கசிகிற புரோட்டா பார்சல்.

"சீட்டு உறை எங்க புள்ள?" அவன் சீட்டைத் தடவிப் பார்த்தான்.

"வழுக்குச்சு. கழட்டி எறிஞ்சுட்டேன்."

"சரி, நானும் ஏறிக்கிறேன்."

"மூணு பேரு போனா போலீசு பிடிக்கும்ணே," என்றாள் சம்சாத். "புரோட்டா ஆறுறதுக்குள்ள வெரசா நடந்து வாங்க."

வண்டியை எடுத்த இசைவாணி திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அடுத்த வருசத்துக்கும் இப்பவே கண்ணுச்சாமி அண்ணன்ட்டச் சொல்லி வச்சிருங்க. நான் கேட்டதுக்கு, இன்னும் நாலு பஜ்ஜி ஆகும்னாக!"