முட்டைக்குள் முட்டை

மெஷின் நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் டர்னர் அந்த ஷோரூமுக்குள் காலை வைத்தார்.

உள்ளே நின்றதைப் பார்த்ததும் வேண்டுதல் பலிக்காது என்று தோன்றிவிட்டது. அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, முகப்பில் ஒரு பெரிய திரையோடு மெஷின் நின்றது. சேல்ஸ்காரர் மூச்சு விடாமல் விளக்கினார். கடைகிற லேத்தும் இதுவே, செதுக்குகிற மில்லிங்கும் இதுவே. மெயின் ஸ்பிண்டில் இரும்பைப் பிடித்துச் சுற்றும். ஒரு பக்கம் கடைந்து முடிந்ததும், எதிரில் இருக்கும் சப்-ஸ்பிண்டில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே வந்து, தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுவது போல அதை வாங்கிக்கொள்ளும். பிறகு மறுபக்க வேலை. நடுவில் மனுஷன் கை படவே தேவையில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் டர்னர் பயந்துகொண்டிருந்தார்.

பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக லேத் அவருடையது. பக்கத்தில் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர் அவருடைய சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை புருஷன். இந்த மெஷின் வந்தால் இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்த்துவிடலாம். முதலாளி அதை மறைக்கவும் இல்லை.

"ஒருத்தர் போதும்னு ஆயிடும். உங்க சகலைக்கு லேத்தும் தெரியும், கம்ப்யூட்டரும் கொஞ்சம் வரும், இல்ல?" என்று கேட்டுவிட்டு, டர்னரின் முகம் போன போக்கைப் பார்த்து, "ஆனா சீனியர் நீங்க. நீங்களே போய் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க. வேண்டாம்னு எழுதினா வேண்டாம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தார்.

பொய்யாக ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அளவு விஷயத்தில் பொய் எழுத டர்னருக்குக் கை வராது. மெஷின் நியாயமாகத் தோற்க வேண்டும், தான் நியாயமாக அதை எழுத வேண்டும். அப்படி ஒரு வீம்பு.

அளவு விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சகலையே சாட்சி. ஆறு வருஷத்துக்கு முன்னால் டர்னர் கடைந்த ஒரு ஷாஃப்டைச் சகலை முதலாளி எதிரிலேயே அளந்து, பத்து மைக்ரான் கூட இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பத்து மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூட வராது. அன்றோடு பேச்சு நின்றது. தவிர்க்க முடியாத சமயங்களில் இருவரும் மேஜைமேல் சாக்பீஸால் எழுதிக் காட்டிக்கொள்வார்கள். இந்த வாரம் அதுவும் இல்லை. சகலை முதுகுவலி என்று லீவு.

டர்னர் முதலில் கொடுத்தது இரண்டு முனையிலும் மரை போட்ட சாதாரண ஷாஃப்ட். ப்ரோகிராம் எழுத ஒரு நாள் வேண்டும் என்றார் சேல்ஸ்காரர். மறுநாள் போய் நின்றால், மெஷின் கதவைச் சாத்திக்கொண்டு ஓடியது. சூடு தணிக்கிற கூலன்ட் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக அடித்ததில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டர்னர் இரண்டு மணி நேரம் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார். கடைசியில் சேல்ஸ்காரர் மெஷினுக்குப் பின்னால் போய், அங்கே தட்டில் விழுந்திருந்ததாகச் சொல்லி ஷாஃப்டைத் துணியில் துடைத்துக் கொண்டுவந்தார்.

டர்னர் அளந்தார். மைக்ரோமீட்டர்மேல் சந்தேகப்பட்டு, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அளந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை சொல்ல மருந்துக்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

சும்மா விடுவாரா? அடுத்த டிராயிங்கில் சாய்வாக ஒரு துளை, மையம் தள்ளிய ஒரு வளையம், சுற்றிலும் ஏழு பட்டை என்று இஷ்டத்துக்கு இழுத்துவிட்டார். ஏழு பட்டையை எவனும் கேட்க மாட்டான். ஆறு கேட்பான், எட்டு கேட்பான்.

மறுநாள் மெஷின் பாதி வேலையில், சரியாக ஒரு மணிக்கு நின்றது. டர்னரின் முகம் மலர்ந்தது. அரை மணி கழித்துத் திரும்ப ஓட ஆரம்பித்தது. கூலன்ட் ஆற வேண்டாமா என்று சேல்ஸ்காரர் விளக்கினார். டர்னர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பீஸ் வந்தது. ஏழு பட்டையும் கச்சிதம். அது போதாதென்று, ஓரங்கள் எல்லாம் இழையளவு மழுக்கப்பட்டிருந்தன.

"என் டிராயிங்ல இது இல்லையே?"

"கையைக் கிழிச்சிடக் கூடாதுன்னு அதுவே பார்த்துப் பண்ணிடும் சார்" என்றார் சேல்ஸ்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

டர்னருக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் அப்போதுதான் தங்கையோடு போன் பேசி முடித்திருந்தாள்.

"அது மனுஷன் மாதிரி யோசிக்குதுடி."

"பரவாயில்லையே. இந்தப் பட்டறையில ஒண்ணாவது அப்படி யோசிக்குதே" என்றாள் அவள். "படுத்திருக்கிறவரை ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. தங்கச்சி முகத்துக்காவது."

"என்ன வலிச்சிடப் போகுது? பத்து மைக்ரான் வலிக்கும். தானா சரியாயிடும்."

அவள் சமைக்க எடுத்த முட்டையை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள். அப்படியே பளிச்சென்று யோசனை பிறந்துவிட்டது டர்னருக்கு. சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து வரைந்தார். பித்தளையில் ஒரு முட்டை. நடுவில் திருகினால் இரண்டாகத் திறக்க வேண்டும், ஆனால் மூடியிருக்கும்போது இணைப்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. உள்ளே இன்னொரு முட்டை. அதுவும் திறக்க வேண்டும். எல்லா அளவும் போட்டுவிட்டு, ஓட்டின் தடிமனை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டார். அந்த அளவு இல்லாமல் எந்த மெஷினும் ஓர் அங்குலம் நகராது. கேட்டால் ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாம்.

டிராயிங்கைப் பார்த்த சேல்ஸ்காரர் அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு இரண்டு நாள் அவகாசம் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு நாளும் டர்னர் லேத்தருகில் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சேல்ஸ்காரர் அவர் உள்ளங்கையில் முட்டையை வைத்தார்.

இணைப்பு எங்கே இருக்கிறது என்று நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவினார். அகப்படவில்லை. திருகினார். வெண்ணெய் மாதிரி திறந்தது. உள்ளே குட்டி முட்டை. அதையும் திருகினார். அதுவும் திறந்தது. ஓட்டின் தடிமனை அளந்தார். இரண்டு மில்லி. அவர் மனதுக்குள் வைத்திருந்த அதே இரண்டு மில்லி.

"இந்த அளவை நான் எழுதவே இல்லையே."

"அதுவே ஊகிச்சுக்கும் சார்" என்றார் சேல்ஸ்காரர். இரண்டு நாளில் அவரும் பாதியாக இளைத்திருந்தார்.

டர்னர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலை போகப்போகிற துக்கம் ஒரு பக்கம் இருந்தது. அதையும் மீறி, இவ்வளவு அழகான ஒரு வேலையைக் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷமும் வந்து தொலைத்தது. அன்றைக்கே நான்கு பக்கம் ரிப்போர்ட் எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கையைக் கண்டதில்லை என்று எழுதினார். தன் கை இதற்குப் பக்கத்தில்கூட வராது என்று எழுதினார். சகலையின் வேலையை இதோடு சேர்த்துப் பேசுவதே பாவம் என்பதையும் மறக்காமல் எழுதினார். கடைசி வரியில், மெஷினை வாங்கிக்கொண்டு தன்னை விடுவித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆர்டரில் கையெழுத்திட முதலாளியே நேரில் வந்தார். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். டர்னர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மெஷினின் கதவை மெல்லத் தடவினார்.

"ஆறு வருஷமா நானே பெரிய ஆள்னு நெனச்சுக்கிட்டு விறைப்பா திரிஞ்சேன். வேலைன்னா என்னன்னு இதுதான் எனக்குக் காட்டிச்சு. இது மட்டும் ஒரு மனுஷனா இருந்தா, சண்டை சச்சரவு பார்க்காம இங்கேயே கட்டிப்பிடிச்சு மன்னிப்புக் கேட்டிருப்பேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

முதலாளிக்கும் கண் கலங்கியது. சேல்ஸ்காரர் மட்டும் கலங்காமல் பேனா மூடியைத் திறந்து, "இந்த எடத்துல ஒரு கையெழுத்து சார்" என்று தாளை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து மெஷினுக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. ஷோரூமைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற அம்மா, முறம் நிறையப் பித்தளைச் சுருளோடு வெளியே வந்து, சேல்ஸ்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"சார், உள்ளே லேத் ஓட்டுறவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு, அவரோட சகலை இன்னிக்கும் புதுசா ஏதாச்சும் வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்காரா, இல்ல அவரு வீட்டுக்குக் கெளம்பலாமா?"