பின்னோக்கிப் பாய்ந்தவர்

இவ்வுலகில் யாருக்கும் கட்டுப்படாதவை இரண்டு. ஒன்று சூரியன். மற்றொன்று, காவல்துறை சுட்டு யாராவது இறந்தால் உண்மையைக் கண்டறியும் சுயேச்சை விசாரணை ஆணையம். சூரியனாவது மேகம் வந்தால் மறைந்துகொள்ளும். ஆணையம் விடுமுறை தவிர எல்லா நாளும் பத்து மணிக்குத் திறந்துவிடும்.

காவல்துறைத் தலைமை அலுவலகம் முதல் இரண்டு மாடிகளில் இருந்தது. ஆணையம் மூன்றாவது மாடியில். காவல்துறைக்கு மேலான அமைப்பு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மேசை, நாற்காலி, ஜீப், தேநீர் எல்லாம் கீழேயிருந்து வந்தன. ஆனால் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஆணையமே முடிவு செய்தது. அதில் யாருடைய தலையீட்டையும் அது அனுமதித்ததில்லை.

அங்கே விசாரணை அதிகாரியாக இருந்தவரை அலுவலகமே 'நடுநிலையார்' என்று அழைத்தது. பதினாறு ஆண்டுகளில் நாற்பத்தொரு துப்பாக்கிச்சூடுகளை விசாரித்து, நாற்பத்தொன்றும் தற்காப்பே என்று கண்டறிந்தவர். எப்படி எல்லாமே ஒரே மாதிரி வருகிறது என்று குளிக்கும்போது அவருக்கே சந்தேகம் எழும். தலையைத் துவட்டியதும் போய்விடும். பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிற மனுஷன் துப்பாக்கியை விசாரிக்கிறாராக்கும் என்று மனைவி சிரிப்பாள். அது உண்மைதான் என்பதால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

நாற்பத்திரண்டாவது கோப்பு ஒரு பெயிண்டருடையது. இருபத்துநான்கு வயது. வேலை முடிந்து கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக வந்தவன், சுவருக்குப் பட்டி பூசும் தகட்டை ஓங்கிக்கொண்டு தன்மேல் பாய்ந்தான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். குண்டு முதுகில் நுழைந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இருவருமே மரியாதைக்குரியவர்கள். யாரையும் புண்படுத்தாமல் உண்மையைக் காண வேண்டியது ஆணையத்தின் கடமை.

இறந்தவனின் அக்கா தையல் வேலை செய்பவள். சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள்.

"இது நான் தைச்ச சட்டை சார். ஓட்டை முதுகுத் துணியில இருக்கு. பாய்ஞ்சு வந்தவனுக்கு முதுகுல எப்படிப் படும்? அதை மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

சட்டையை முன்பின்னாக மாற்றி அணியும் பழக்கம் தம்பிக்கு உண்டா என்று நடுநிலையார் மிகுந்த கனிவோடு விசாரித்தார். அப்படிப் போட்டால் பட்டனை யார் மாட்டிவிடுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள். 'பட்டன் குறித்து மேலும் ஆராயப்படும்' என்று குறித்துக்கொண்டார்.

ஆணையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பவத்தை அதே இடத்தில் நடித்துப் பார்ப்பார்கள். இறந்தவராகப் போலீஸ்காரர் நடித்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பதால், அந்தப் பாத்திரம் எப்போதும் நடுநிலையாருக்குத்தான். நாற்பத்தொரு முறை செத்த அனுபவம் அவருக்கு இருந்தது. துப்பாக்கிக்குப் பதிலாக எல்லாரும் விரலைத்தான் நீட்டுவார்கள் என்பதால் ஒருமுறைகூட வலித்ததில்லை.

காலை பதினொரு மணிக்கு, அக்கா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒத்திகை தொடங்கியது. நடுநிலையார் தகட்டை ஓங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். அப்படியானால் குண்டு நெஞ்சில் பட வேண்டும், டாக்டரோடு ஒத்துப்போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பாய்ந்தார். குப்பைத் தொட்டியில் போய் இடித்துக்கொண்டார். கொஞ்சம் வேகமாக வரச்சொல்லி இன்ஸ்பெக்டர் உற்சாகமூட்டினார். மூன்றாவது முறை கால்கள் ஒத்துழைத்தன.

"இதேதான் சார். இப்படித்தான் வந்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

தத்ரூபமாக இருக்கட்டுமே என்று அவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். குண்டுகளைக் கழற்றி எல்லாருக்கும் காட்டிவிட்டு, நடுநிலையாரின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "நில்லுடா" என்றார்.

ஆணையத்தின் வரலாற்றில் முதல் சுயேச்சையான செயல் அப்போது நடந்தது. நடுநிலையாரின் கால்கள் யாரையும் கேட்காமல் திரும்பி ஓடின.

தகடு எங்கோ பறந்தது. ஒரு செருப்பு இன்ஸ்பெக்டரின் முன்னால் கிடந்தது. மூச்சு வாங்க நின்றவர் குனிந்து பார்த்தார். பெயிண்டர் விழுந்து கிடந்த இடத்தைக் காட்டச் சாக்பீஸால் வரைந்த உருவம் காலுக்கடியில் இருந்தது. கூட வந்திருந்த ஏட்டு, இன்ஸ்பெக்டர் நின்ற இடத்திலிருந்து டேப்பைப் பிடித்து, முப்பத்துமூன்று அடி என்று எழுதிக்கொண்டார்.

அக்கா செருப்பை எடுத்துவந்து அவர் காலருகே வைத்தாள். நடுநிலையாருக்கு அழுகை வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார். ஜீப்பில் வரும்போதும் அதே முடிவில்தான் இருந்தார். மூன்றாவது மாடிக்குத் தேநீர் வந்தது. தேநீர் ஆறுவதற்குள் முடிவு ஆறிவிட்டது. தான் ஓடியதாக எழுதினால் பெயிண்டரும் ஓடியதாக ஆகும்; கீழ் மாடிகள் கோபிக்கும்; வீட்டில் பல்லிக் கதை மறுபடி தொடங்கும்.

ஆகவே இப்படி எழுதினார்: 'ஒத்திகையில் இறந்தவராக நடித்த அதிகாரி, முதுகைக் காட்டியவாறு, காவலரை விட்டு விலகும் திசையில், முப்பத்துமூன்று அடி தூரத்துக்குத் தாக்குதல் நடத்தினார். இறந்தவரும் அவ்வாறே தாக்கினார் என்பது ஐயமற நிறுவப்படுகிறது. சுட்டது தற்காப்பே.'

மேலிடம் பாராட்டியது. கீழ் மாடியிலிருந்து அன்று தேநீரோடு பிஸ்கட்டும் வந்தது.

நகல் வாங்க வந்த அக்கா நின்றபடியே, விரல் வைத்து, கடைசி வரி வரை படித்தாள்.

"என் தம்பி ஓடலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்களும் ஓடலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே நியாயம். நடுநிலைன்னா அதுதான்."

"சரி சார். அப்ப அன்னைக்கு அந்தத் துப்பாக்கியில குண்டு இருந்து, உங்க முதுகுல பட்டிருந்தா, அதுவும் தற்காப்புதானே?"

பதிலுக்காக நடுநிலையார் தன் அறிக்கையைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'ஆம்' என்றுதான் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.